சௌனாச் சுவர்

ரெய்னோ மட்டிலா காபிக் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது அது கடகடவென்று அடித்துக்கொள்வதை வெர்னா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு நாள் தட்டுகளையெல்லாம் எடுத்து மேல் அலமாரியில் அடுக்கிவிட்டாள். கோப்பையை மேசைவிரிப்பின் மேல் வைத்தால் சத்தம் வராது. தட்டெல்லாம் எங்கே போயிற்று என்று அவரும் கேட்கவில்லை. நாற்பத்து நான்கு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு இப்படிக் கேட்காமல் விடவேண்டியவை நிறைய இருக்கும்.

வலது கை நடுக்கம். டாக்டர் ஏதோ பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரையால் தூக்கம் வந்ததே தவிர நடுக்கம் நிற்கவில்லை. தச்சு வேலை செய்து முடியெல்லாம் நரைத்த மனிதர். ஹான்காக் ஊரிலிருந்து அவர்கள் வீட்டுப் பக்கம் வரும் சாலையில் பன்னிரண்டு மைலுக்கு எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் அதில் அவர் கை பட்டிருக்கும். அந்தக் கை சுத்தியலை எடுத்தால் இப்போது அது ஆணியை விட்டுவிட்டு விரலைத் தேடிவருகிறது.

பிப்ரவரி மாதம் தேவாலயத்திலிருந்து ஒரு வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பாட்டு பாடப்போகிறார்கள் என்று எண்ணை மாட்டி வைப்பார்களே, அந்தப் பலகை. பழையது பிளந்துவிட்டது. யூஹன்னுஸ் அன்று, அதாவது ஜூன் கடைசியில் வரும் கோடை நடு விழாவன்று, கோயில் கட்டி நூற்றிருபது வருடம் நிறைகிறது. அதற்குள் புதுப் பலகையும், பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றிலும் ஆறு என்று அறுபது மேப்பிள் மர எண்களும் வேண்டும். ரெய்னோ சரி என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வந்து முதலில் ஒரு எட்டை வாளால் அறுத்தார். மேல் வட்டம் கீழ் வட்டத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்ட மாதிரி இருந்தது. அதை அடுப்பில் போட்டார். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் காலை கஞ்சி சாப்பிடும்போது, இனிமேல் கையை நம்பப்போவதில்லை, கம்ப்யூட்டர் ஓட்டுகிற, மரத்தைக் குடைந்து வெட்டும் ரவுட்டர் மெஷின் ஒன்று பண்ணிக்கொள்ளப்போகிறேன் என்றார்.

எங்கே கிடைக்கும் என்று கேட்டாள் வெர்னா.

"கிடைக்கிறதா? பண்றேன்னு சொன்னேன்ல."

அதே வாரம்தான் கிறிஸ்டாவின் பேச்சும் எழுந்தது. கிறிஸ்டா இவர்களுடைய ஒரே மகள். தெற்கே ஐந்து மணி நேரம் காரோட்டினால் கிரீன் பே, அங்கே இருக்கிறாள். கீழ்த்தளத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறாள். வெர்னாவுக்குப் போக ஆசை. ஆசை என்று சொன்னால் குறைவு. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் நின்று இடுப்பு தேய்ந்து, மாற்றிவைத்த இடுப்போடு நடக்கிறாள். போன ஜனவரியில் விறகுக் குவியல் பக்கத்தில் வழுக்கி விழுந்து, ரெய்னோ வந்து பார்க்கும்வரை இருபது நிமிடம் பனியில் கிடந்தாள். அந்த இருபது நிமிடத்தில் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இன்னும் எத்தனை குளிர்காலம் கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளுவது? பேரப்பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு தடவை பார்ப்பதெல்லாம் ஒரு வாழ்க்கையா?

ரெய்னோ கேட்டுக்கொண்டார். கடைசியில் சொன்னார்.

"யூஹன்னுஸுக்குள்ள அந்த அறுபது எண்ணும் ஒழுங்கா வந்துச்சுன்னா நாம இங்கதான். வரலன்னு வை, கிறிஸ்டாவக் கூப்பிட்டுச் சொல்லிடு. நானே பெட்டியெல்லாம் வண்டியில ஏத்துறேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டேன்."

அவர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான், ரம்பம் போட்டாலும் அறுபடாது. வெர்னா தலையாட்டினாள். மனசுக்குள் அவளுக்கு மெஷினைப் பற்றிப் பெரிய பயம் ஒன்றும் இருக்கவில்லை. அறுபத்தெட்டு வயசுக்காரர், கம்ப்யூட்டரில் வானிலையைத் தவிர வேறெதையும் பார்த்தறியாதவர், மெஷின் பண்ணுகிறாராம்.

அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது.

மார்ச் முழுக்க வெளியே பனி ஜன்னல் உயரத்துக்கு நின்றது. ரெய்னோ பட்டறையில் நின்றார். பட்டறை என்பது அவருடைய அப்பா கட்டிய மரச் சௌனாவின், அதாவது நீராவிக் குளியல் அறையின், முதுகில் பிற்பாடு ஒட்டிக் கட்டியது. நடுவில் ஒரே சுவர். முழு மரங்களைப் படுக்கவைத்து அடுக்கி, இடுக்கில் பாசி திணித்த சுவர். இந்தப் பக்கம் பட்டறை, அந்தப் பக்கம் நீராவிக் குளியல். சனிக்கிழமை சௌனா அடுப்பு எரிந்தால் ஞாயிறுவரை அந்தச் சுவரில் சூடு நிற்கும். ஆறு மாசம் விரல் விறைக்கிற ஊரில் மெஷினை எந்தச் சுவரோரம் வைப்பான் ஒருத்தன்? அதுவும் யானையைக் கட்டினாலும் அசையாத சுவர். ரெய்னோ மெஷினின் சட்டத்தை நான்கு நீளப் போல்ட் போட்டு அந்தச் சுவரோடு இறுக்கினார். வெட்டும்போது அதிரக்கூடாது என்பது அவர் எண்ணம். அந்தப் போல்ட்டுகளைப் பார்த்து அவருக்கு உள்ளூரப் பெருமை.

அலுமினியச் சட்டம், அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் குறுக்குப் பாலம், பாலத்தில் இடமும் வலமும் ஓடும் ஒரு பெட்டி, பெட்டியில் மேலும் கீழும் இறங்கும் ரவுட்டர். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு நீளத் திருகுத் தண்டு, அதைத் திருப்ப ஒரு மோட்டார். தண்டு ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு தூரம் நகரும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், பிறகு அது சொன்ன இடத்துக்குப் போய்ச் சொன்ன இடத்தில் நிற்கும். இதையெல்லாம் ரெய்னோ இணையத்தில் பார்த்துப் பார்த்து, பழைய கணக்கு நோட்டில் படம் போட்டுக் கற்றுக்கொண்டார். கோடு நடுங்கியது. படம் சரியாக இருந்தது.

வயரிங் வேலைக்குப் பக்கத்து வீட்டு க்ளிஃப் ட்ரெகியர் வந்தான். ஓய்வுபெற்ற எலக்ட்ரிஷியன். கார்ன்வால்காரர்கள் வம்சம். சுரங்கத்தில் வேலை செய்ய வந்த அவன் முப்பாட்டன்தான் இந்த ஊருக்குப் பாஸ்டியை, அதாவது இறைச்சி அடைத்துச் சுட்ட மடிப்பு ரொட்டியை, கொண்டுவந்தான் என்பதும், அதை ரெய்னோ, வெர்னா வம்சத்து ஃபின்காரர்கள் திருடிக்கொண்டார்கள் என்பதும் அவனுடைய தீராத வழக்கு. வெர்னா பாஸ்டி சுட்டு வைத்தால் ஓரத்தைப் பிய்த்து உள்ளே பார்ப்பான். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் ரூட்டபாகாக் கிழங்கும் இருக்கவேண்டும். கேரட் தென்பட்டால் அன்று சாப்பாடு முழுக்கப் பிரசங்கம்தான்.

"கேரட் போட்டா அதுக்குப் பேரு பாஸ்டி இல்ல வெர்னா, முயல் தீனி."

"அப்ப முயல் மாதிரி வாய மூடிட்டுத் தின்னு," என்பாள் அவள்.

ஏப்ரல் கடைசியில் மெஷின் நகர்ந்தது. முதலில் ரவுட்டருக்குப் பதில் ஒரு பென்சிலைக் கட்டிவிட்டார்கள். காகிதத்தில் ஒரு அடி நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தது. வெர்னாவைக் கூப்பிட்டுக் காட்டினார் ரெய்னோ. துளி நடுக்கமில்லாத கோடு. அதை அவர் பார்த்துக்கொண்டு நின்ற விதம், கிறிஸ்டா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்ற மாதிரியே இருந்தது. அவர் முகம் தெளிந்ததை வெர்னா பார்த்தாள். கூடவே, கிரீன் பே கொஞ்சம் தூரமாகப் போனதும் தெரிந்தது.

மே மாதம் பனி உருகியது, கறுப்பு ஈ வந்தது, மெஷின் கோணியது.

சோதனை எளிது. ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை, இன்னொரு பலகையில் அதே அளவில் வட்டமாக ஒரு மரத்தட்டு. தட்டைத் துளையில் வைத்துச் சுற்றினால் ஜாடி மூடி மாதிரிச் சுற்றவேண்டும். வட்டம் முட்டையாகிவிட்டால் கால் சுற்றில் சிக்கிக்கொள்ளும். ரெய்னோ ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் மூலைமட்டம் வைத்து மெஷினை நேராக்குவார். பதினோரு மணிக்குத் துளையும் தட்டும் வெட்டுவார். அழகாகச் சுற்றும். பிறகு விறகு பிளந்து சௌனா அடுப்பை மூட்டப் போய்விடுவார். மறுநாள் கர்த்தருடைய நாள், அவர்கள் வீட்டில் அன்று ஊசியில் நூல்கூடக் கோர்க்க மாட்டார்கள். திங்கட்கிழமை காலை வந்து வெட்டினால் முட்டை.

அரை நூல் கோணல், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. எட்டுக்கும் பூஜ்யத்துக்கும் அரை நூலே அதிகம்.

திங்கட்கிழமை மோட்டாரை இறுக்குவார். செவ்வாய் திருகுத் தண்டு. புதன்கிழமை க்ளிஃப் வந்து வயரை மாற்றுவான். நாளுக்கு நாள் வட்டம் தேறிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை கிட்டத்தட்டச் சரியாகிவிடும். இறுக்கினதால் சரியாயிற்று என்று இரண்டு கிழவர்களும் நினைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை பிரமாதம். திங்கட்கிழமை மறுபடி முட்டை. இப்படி ஐந்து வாரம் போயிற்று.

சரியாக இருக்கிற நாளில் எண்களை வெட்டி முடித்துவிட்டால் என்ன என்று க்ளிஃப் கேட்டுப் பார்த்தான். நிலையாக நிற்காத மெஷினில் கோயில் காரியம் செய்ய மாட்டேன் என்று ரெய்னோ சொல்லிவிட்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

"உன் மெஷினுக்கு வாரக் கடைசி ஒத்துக்கல," என்றான் க்ளிஃப். "என் மச்சினன் மாதிரி. திங்கக்கிழமை அவனாலயும் நேரா நிக்க முடியாது."

ரெய்னோ சிரிக்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

சோதித்து முடித்த தட்டுகளையும் துளைப் பலகைகளையும் வெர்னா சமையலறைக்கு எடுத்து வந்தாள். சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்க நல்ல வாகு. ஒவ்வொன்றிலும் கிழமையும் தேதியும் பென்சிலால் கிறுக்கியிருந்தது.

ஜூன் நான்காம் தேதி, திங்கட்கிழமை. காலையில் சௌனா உடைமாற்றும் அறையிலிருந்து துண்டுகளை எடுக்கப் போனாள் வெர்னா. கதவு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. சௌனா முடிந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் அது எப்போதும் இறுகும். வியாழக்கிழமை தானாக ஆடும். வழக்கம்போல நல்ல காலால் ஒரு உதை விட்டாள். திறந்தது. துண்டுகளை அள்ளிக்கொண்டு திரும்பும்போது கால் நின்றுவிட்டது.

கதவு இறுகவில்லை. கதவு அதே அளவுதான். அது நிற்கிற சுவர் ஊறுகிறது.

துண்டுகளைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இருந்த தட்டுகளையெல்லாம் மேசையில் கிழமை வாரியாக அடுக்கினாள். சனிக்கிழமை வெட்டிய ஒரு துளைப் பலகையை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுச் சுற்றினாள். திங்கள் ஐந்தும் சிக்கின. செவ்வாய் சிக்கியது. புதன் உரசியது. வெள்ளி கொஞ்சம் முனகிவிட்டுச் சுற்றியது. சனிக்கிழமைத் தட்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. சனிக்கிழமை நீராவி மரத்துக்குள் ஏறுகிறது. மரம் உப்பி, போல்ட் போட்ட மூலையைத் தள்ளுகிறது. வாரம் முழுக்கக் காய்ந்து மறுபடி தன் இடத்துக்கு வருகிறது. மாவு பொங்குவதையும் அடங்குவதையும் இருபத்தெட்டு வருடம் பார்த்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ள மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். ரெய்னோ ஆயுசு முழுக்க அந்தப் பழியை வாங்கிவிடக்கூடாது என்று வாழ்ந்த வேலைக்காரர். எது தப்பினாலும் முதலில் தன் கையைத்தான் பார்ப்பார். அதனால்தான் உண்மையாகவே கூடம் கோணியபோது அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

வெர்னா தட்டுகளை மறுபடி ஒன்றாக அடுக்கி அலமாரியில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை கிறிஸ்டா கூப்பிட்டு, அறைக்கு இளமஞ்சள் அடிக்கட்டுமா வெள்ளை அடிக்கட்டுமா என்று கேட்டாள். இளமஞ்சள் என்றாள் வெர்னா. சொல்லிவிட்டுத் தட்டுகள் இருந்த அலமாரியைப் பார்த்தாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை, சும்மாதான் இருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் இரண்டு வாரம் சும்மா இருந்தால் போதும். அந்த இருபது நிமிடப் பனியையும் நினைத்துக்கொண்டாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது, இல்லாமலில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரெய்னோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேல் பொத்தான் மாட்டவில்லை. மாட்டிப் பார்த்து விட்டிருக்கிறார் என்று தெரிந்தது. வெர்னா எழுந்து போய் மாட்டிவிட்டாள். எங்கே என்று கேட்டாள்.

"கோயில் தருமகர்த்தாவப் பாத்துச் சொல்லிட்டு வந்துடறேன். வேற யாருகிட்டயாவது குடுக்கட்டும். இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, அவங்களுக்கும் நேரம் வேணும்ல."

"மெஷின் இப்ப நல்லா வெட்டுதுன்னு க்ளிஃப் சொன்னானே."

"இன்னிக்கு வெட்டும். திங்கக்கிழமை கோணும்." அவர் தொப்பியை எடுத்தார். "மெஷின் மேல தப்பு இல்ல வெர்னா. அளந்ததும் முடுக்குனதும் இந்தக் கை. நடுங்குற கை செஞ்சா மெஷினும் நடுங்கத்தான செய்யும். நான்தான் புரிஞ்சுக்காம அஞ்சு வாரம் அவனையும் சேத்து இழுத்தடிச்சேன். நீ கிறிஸ்டாகிட்ட சொல்லிடு."

சொன்னபடியே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஊரை விட்டுப் போவது வேறு. இந்த மனிதர் தன் கையைத் தானே கைகழுவிவிட்டு அந்த இளமஞ்சள் அறையில் வந்து உட்கார்ந்திருப்பது வேறு. அப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அவள் என்ன செய்வாள்?

"ரெய்னோ, உக்காரு."

"போயிட்டு வந்து உக்கார்றேன்."

"இல்ல. இப்பவே."

தட்டுகளை எடுத்து வந்து மேசையில் கிழமை வாரியாகப் பரப்பினாள். துளைப் பலகையை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுற்றினார். திங்கள். திங்கள். செவ்வாய். வெள்ளி வரும்போது கையை எடுத்துவிட்டு ஜன்னல் வழியாகச் சௌனாவைப் பார்த்தார். பிறகு எழுந்து போனார். அவளும் பின்னால் போனாள். உடைமாற்றும் அறையின் கதவு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதை மூடித் திறந்து பார்த்தார்.

"இந்தக் கதவ நான் ரெண்டு தடவ சீவியிருக்கேன்," என்றார்.

"மூணு தடவ."

அவர் சுவர் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அந்தச் சுவரில் வைத்தபோது கை நடுங்கவில்லை.

"உனக்கு என்னிக்குத் தெரியும்?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமா."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். க்ளிஃபைக் கூப்பிடு என்று மட்டும் சொன்னார்.

க்ளிஃப் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். அஞ்சு வாரமா வயர மாத்துனேன், ஒரு சமையல்காரி கண்டுபிடிச்சிட்டா என்றான். வெந்நீரில் வேகிறதுக்கு ஒரு வீடு கட்டி அதிலேயே மெஷினையும் கட்டிவைக்க ஃபின்காரனால்தான் முடியும் என்றும் சொன்னான்.

வெள்ளியும் சனியும் வேலை நடந்தது. நான்கு போல்ட்டையும் கழற்ற வேண்டும். ரெய்னோவின் கையில் ஸ்பானர் நட்டின் தலையில் உட்கார மறுத்தது. வெர்னா உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் தோளைக் கொடுத்துத் திருகினார். வலுவில் குறையொன்றும் இல்லை, குறி வைப்பதில்தான் குறை. இரண்டு பேருமாகச் சேர்ந்தால் ஒரு முழு ஆள். கடைசிப் போல்ட் விட்டபோது சட்டம் டக்கென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு தன் இடத்தில் வந்து நின்றது. க்ளிஃப் வீட்டுக் கொல்லையில் கிடந்த கனத்த இரும்புக் குழாய்களை வெட்டி நான்கு கால் செய்தார்கள். வெட்டும்போது அதிராமல் இருக்க ஏரிக்கரை மணலை உலர்த்திக் குழாய்க்குள் நிரப்பினாள் வெர்னா. சட்டம் சிமெண்டுத் தரையில் தன் காலில் நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூலைமட்டம் வைத்து நேராக்கி, துளையும் தட்டும் வெட்டினார்கள். சுற்றியது. அது என்றைக்கும் சனிக்கிழமை சுற்றும்தான்.

அன்று ரெய்னோ மூட்டிய சௌனாவைப் பற்றி அந்தச் சாலையில் இன்றைக்கும் பேசிக்கொள்வார்கள். வழக்கத்தைவிட இரண்டு கூடை விறகு அதிகம். அடுப்பின் சூட்டுக் கல்மேல் அகப்பை அகப்பையாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். க்ளிஃப் நான்காவது அகப்பையில், என்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று துண்டோடு வெளியே ஓடினான். ரெய்னோ மேல் பலகையில் அசையாமல் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து இன்னொரு அகப்பை ஊற்றினார். எவ்வளவு வேணுமோ குடி என்று அதனிடம் சொன்னதாக வெர்னாவுக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தார்கள். அவர் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒரு நாளைத் தாண்டுவதற்குள் வெர்னாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தான் எதை எதிர்பார்க்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை உடைமாற்றும் அறைக் கதவு என்றைக்கும் இல்லாத அளவுக்கு இறுகியிருந்தது. ஒரு உதை போதவில்லை. இரண்டாவது உதைக்குத் திறந்தது. வெர்னா துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனாள். ரவுட்டர் ஓடி ஓய்ந்திருந்தது. மேப்பிள் தூளின் இனிப்பு வாசம். ரெய்னோ தட்டைத் துளைமேல் வைக்கப் பார்த்தார். கை நடுங்கியதில் இரண்டு தடவை விளிம்பில் தட்டியது. அவள் உதவிக்குப் போகவில்லை. மூன்றாவது தடவை உட்கார்ந்தது. ஒரு விரலால் தள்ளினார். கால் சுற்று. அரைச் சுற்று. முழுச் சுற்று. மறுபடி ஒரு முழுச் சுற்று. விரல் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. தட்டு வட்டமாகவே சுற்றியது.

அடுத்தது எட்டு வெட்டினார். வெட்டி எடுத்துத் தூளை ஊதிவிட்டு ஜன்னலோரம் நிறுத்திவைத்தார். மேல் வட்டமும் கீழ் வட்டமும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தன.

அறுபதும் வந்துவிடும். சொன்னது சொன்னதுதான், இனி இங்கேதான். வெர்னா அதை மனதில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். வலித்தது. ஆனாலும் திங்கட்கிழமைக்கும் வெள்ளிக்கும் நடுவில் இருந்த வலி இல்லை இது. வீட்டுக்குப் போய்க் காபி போட்டு எடுத்து வந்தாள். மேல் அலமாரியிலிருந்து தட்டையும் எடுத்துக் கோப்பைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ரெய்னோ குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தார். கடகடவென்று அடித்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

"நீ வாயத் திறக்காமலே இருந்திருக்கலாம்," என்றார்.

"இருந்திருக்கலாம்."

அவர் குனிந்து மெஷினின் காலைப் பார்த்தார். அதற்கும் சுவருக்கும் நடுவே இருந்த சாண் இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார்.

"இதுக்கு இப்ப சுவரே வேண்டாம். நாலு துண்டாக் கழட்டலாம், எங்க வேணும்னாலும் நிறுத்தலாம்." கையை வெளியே எடுத்துத் தூளைத் தட்டினார். "எண்ணு அறுபதும் முடியட்டும். கிறிஸ்டா வீட்டுக் கராஜு தரை சிமெண்டுதானே?"

வெர்னா துளையில் கிடந்த மரத்தட்டை ஒரு தடவை சுற்றினாள்.

"சிமெண்டுதான். இருபத்திநாலுக்கு இருபத்திநாலு அடி. ஈஸ்டருக்குப் போனப்பவே அளந்துட்டு வந்துட்டேன்."

ரெய்னோ அவளை நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் மீசை சிரிப்பில் அசைந்தது.

"சௌனாவ எங்க கட்டுறது?"

"தள்ளி," என்றாள் வெர்னா. "நல்லாத் தள்ளி."